இசை வானில் ஜி. என். பி.: திறமையா, அதிர்ஷ்டமா?

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தரவேண்டுமென்று செயலாளர் அவர்கள் மூன்றாம் முறையாக நினைவூட்டிச் சென்ற அன்றிரவு, எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு வாதம் நடந்துகொண்டிருந்தது. கல்லூரியிற் படிக்கும் என் மகன் மேனாட்டு ராக் இசைக் குழுக்களின்மீது தீராத பற்றுடையவன். அவனும், அவனைக் காண வந்திருந்த தோழன் ஒருவனும், இருபது வயது கூட நிரம்பாத இளைஞர்கள் சிலர் திடீரென்று உலகப் புகழ் பெற்றுவிடுவது திறமையினாலா, அதிர்ஷ்டத்தினாலா என்று உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். தோழன் எல்லாம் அதிர்ஷ்டமே என்று சாதித்தான். என் மகனோ திறமையின் பக்கம் நின்றான். நான் இரயில்வேயில் எழுத்தர். மெட்ரிகுலேஷனுக்கு மேல் படித்தவனல்லன். ராக் இசையின் தலையும் காலும் அறியேன். எனினும் அவர்கள் பேச்சு மறுநாள் அலுவலகம் வரையில் என்னைத் தொடர்ந்து வந்தது. அக்கேள்வியை வைத்துக்கொண்டு நம்மவர் ஒருவருடைய வாழ்க்கையை நோக்கினால் என்னவென்று தோன்றியது. அவ்வாறு நினைத்தவுடனே என் மனக்கண்முன் வந்து நின்றவர் சங்கீத கலாநிதி ஜி. என். பாலசுப்பிரமணியம் அவர்கள்.

அக்காலத் தஞ்சை ஜில்லாவில் மாயவரத்தை அடுத்த கூடலூர் என்னும் சிற்றூரில், 1910-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 6-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் ஜி. வி. நாராயணசுவாமி ஐயர் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்து, பின்னர்த் தலைமையாசிரியராக விளங்கியவர். பள்ளிக்கூடம் அவருக்குத் தொழில். சங்கீதம் அவருக்கு உயிர். திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி சுவாமி சபாவின் காரியங்களில் அவர் ஈடுபட்டிருந்தமையால், பெரிய வித்துவான்கள் அவ்வீட்டாருக்கு அயலாராக இல்லை. மற்றப் பிள்ளைகள் டிக்கெட்டு வாங்கிக் கேட்க வேண்டிய சங்கீதம் இந்தப் பிள்ளைக்கு வீட்டுக் கூடத்திலேயே கேட்டது. அதிர்ஷ்டத்தின் கணக்கை எழுதப் புகுவோர் முதல் வரவை இங்கேயே பற்று வைத்துக்கொள்ளலாம். அதே குரலுடைய பிள்ளை கூடலூரிலேயே ஏழைக் குடியானவன் வீட்டிற் பிறந்திருந்தால், ஏற்றப் பாட்டோடு நின்றிருக்கவும் கூடும்.

ஆயினும் செலவுப் பக்கமும் ஒன்று உண்டு. அந்நாளில் ஒருவர் மேடையேறுவதற்கு வழியென்று ஏற்பட்டிருந்தது குருகுலவாசமே. ஒரு பெரிய வித்துவான் வீட்டில் பல்லாண்டுகள் தங்கி, அவருக்குப் பணிவிடை செய்து, அவர் பின்னால் அமர்ந்து பாடி, அவரே ஒரு நாள் முன்னால் தள்ளிவிடக் காத்திருக்க வேண்டும். பாலசுப்பிரமணியத்துக்கு அத்தகைய குருகுலவாசம் வாய்க்கவில்லை. தந்தையாரிடமும், கரூர் சின்னசுவாமி ஐயர் என்ற வயலின் வித்துவானிடமும் பயின்றதுண்டு. மற்றப்படி அவர் தம் மனத்திலே குருவாக வைத்துப் போற்றியவர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார். ஐயங்காருடைய கச்சேரிகளைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டார். பகலில் படிப்பு, மற்ற நேரத்தில் பாட்டு என்று பொழுது போயிற்று. பின்னாளில் ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. ஆனர்ஸ் பட்டமும் பெற்றார். கையில் ஷேக்ஸ்பியரும் வாயில் தோடியுமாக வளர்ந்த அந்த மாணவர், உத்தியோகத்துக்குப் போவார் என்று எண்ணியவர்களே மிகுதியாக இருந்திருப்பார்கள்.

இந்த நிலையில் 1928-ஆம் ஆண்டு வந்தது. மயிலாப்பூர்க் கபாலீசுவரர் திருக்கோயிலில் வசந்த உற்சவம். அதில் முசிரி சுப்பிரமணிய ஐயரின் கச்சேரி ஏற்பாடாகியிருந்தது. முசிரியார் அப்போது முப்பது வயதை எட்டாதவர். ஆனால் உச்ச சுருதியில் உருக்கமாகப் பாடும் பாட்டினால் தமிழ்நாடெங்கும் பெயர் பெற்றிருந்தார். கடைசி நேரத்தில் அவரால் வர இயலாமற் போயிற்று. அந்த இடத்தில் அமர்ந்து பாடுமாறு பதினெட்டே வயதான பாலசுப்பிரமணியம் அழைக்கப்பட்டார். அதுவே அவருடைய முதல் கச்சேரி.

இதனை அதிர்ஷ்டம் என்னாமல் வேறென்ன என்று என் மகனின் தோழன் கேட்பான். கேட்பது நியாயமே. முசிரியார் அன்று வந்திருந்தால் அந்த மேடை அவருடையதே. ஆனால் அந்த மேடையில் ஏறி உட்கார்ந்த பின்னர் என்ன வேண்டியிருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அக்காலத்துக் கச்சேரி இன்றைய ஒன்றேகால் மணி நேர நிகழ்ச்சியன்று. மூன்று மணி, நான்கு மணி என்று நீளும். வர்ணம், விறுவிறுப்பான கீர்த்தனைகள், விரிவான ஆலாபனை, நிரவல், சுரம், இராகம் தானம் பல்லவி, இறுதியிலே சில்லறை உருப்படிகள் என்று ஒரு முழு விருந்தையும் கையில் வைத்திருந்தாலொழிய அமர முடியாது. இந்தக் கச்சேரிப் பத்ததியைச் செம்மைப்படுத்தி நிலைபெறச் செய்தவர் அரியக்குடியார் என்பது சங்கீத உலகம் ஒப்பிய செய்தி. அவரையே மானசிக குருவாகக் கொண்டிருந்த இளைஞருக்கு ஒரு கச்சேரியை எங்கே தொடங்கி எப்படி நடத்தி எங்கே முடிப்பது என்பது மனத்தில் வரைபடம்போல் இருந்தது. அழைப்பு வந்தது ஒரு மாலையில்; அந்தப் படம் வரையப்பட்டதோ பல ஆண்டுகளில்.

நான் இங்கே நிறுத்திச் சிந்தித்த செய்தி வேறொன்று. மேடையே ஏறாத மாணவனை ஒரு பெரிய வித்துவானுடைய இடத்துக்கு ஒருவர் அழைக்க வேண்டுமானால், அவன் பாடுவான் என்பதை முன்பே காதாரக் கேட்டறிந்தவர் எவரேனும் இருந்தாக வேண்டுமல்லவா? சென்னையில் அன்று நன்றாகப் பாடத் தெரிந்த இளைஞர்கள் வேறு சிலரும் இருந்திருப்பார்கள். அவர்களை அறிந்தவர் அந்தச் சமயத்தில் அங்கே இல்லை. அதிர்ஷ்டம் என்பது வானத்திலிருந்து குதிப்பதென்று நாம் எண்ணுகிறோம். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக் காதின் வழியாகத்தான் வருகிறது.

என் அனுபவம் என்று சொன்னேன். அதனைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்க விழாவில் பாட வரவேண்டியவர் ஏறி வந்த வண்டி நான்கு மணி நேரம் தாமதமாயிற்று. நாற்காலிகள் நிறைந்துவிட்டன. மார்கழிப் பஜனையில் முன்வரிசையில் நின்று பாடுகிறவன் என்ற காரணத்தால் செயற்குழுவினர் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பல்லவி தெரிந்த கீர்த்தனைகள் முப்பது. சரணம் முடியத் தெரிந்தவை மூன்று. தொண்டை சரியில்லையென்று சொல்லிவிட்டு, மண்டபத்தின் பின்புறம் சாம்பார் வாளிகளின் அருகே போய் நின்றுகொண்டேன். அப்போது கீழ்த்தளத்து அம்மையார் ஒருவர், விடியற்காலை ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் எதிர் வீட்டுச் சிறுமி பாட்டியிடம் பாடம் பாடுவது கேட்குமென்றும், அவளைக் கேட்டுப் பார்க்கலாமென்றும் சொன்னார். ஒன்பதாம் வகுப்பிற் படித்த அப்பெண் பள்ளிக்கூடத்துச் சீருடையோடு வந்து அமர்ந்து, முக்கால் மணி நேரம் சுருதி விலகாமற் பாடினாள். அவளுக்கு வந்த அந்த அதிர்ஷ்டம் ஐந்து நிமிடத்துக்கு முன் என் வாசலில் நின்றது என்பதை நான் இன்றளவும் மறக்கவில்லை.

நிற்க. எங்கள் துறையில் விடுப்பில் செல்பவருடைய நாற்காலியில் அமர்வதற்கென்றே ‘லீவ் ரிசர்வ்’ ஊழியர் என்று ஒரு வகையினர் உண்டு. நானும் தொடக்கத்தில் அவ்வகையினனே. உரியவர் திரும்பி வந்ததும் எழுந்துவிட வேண்டும்; எவ்வளவு நன்றாகக் கணக்கு எழுதியிருந்தாலும் நாற்காலி நம்முடையதாகாது. இதனை என் மகனிடம் சொன்னபோது அவன் ராக் இசை உலகிலிருந்தே ஓர் உதாரணம் எடுத்துக் காட்டினான். பீட்டில்ஸ் என்ற புகழ்பெற்ற ஆங்கிலக் குழுவில் முரசு வாசித்த ரிங்கோ ஸ்டார் 1964-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தொண்டை நோயினாற் படுத்துவிட்டாராம். உலகச் சுற்றுப்பயணம் நிற்கக்கூடாதென்று ஜிம்மி நிக்கல் என்ற இளைஞரை அவசரமாக அழைத்தார்கள். டென்மார்க், நெதர்லாந்து, ஹாங்காங், ஆஸ்திரேலியா என்று சில நாள்கள் அவர் அக்குழுவோடு வாசித்தார். விமான நிலையங்களில் பெருங்கூட்டம், பத்திரிகைகளிற் படம். ரிங்கோ குணமடைந்து வந்து சேர்ந்ததும் நிக்கல் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டே கடனாளியாகி நொடித்துப் போனார். வாசிக்கத் தெரியாதவரல்லர், தெரியாதவரை அப்படியோர் இடத்துக்கு அழைத்திருக்க மாட்டார்கள். அவர் அமர்ந்த நாற்காலிக்கு உரியவர் இருந்தார். அருகில் வேறு நாற்காலி இல்லை.

அக்குழுவினரே முதலில் எவ்வாறு முன்னுக்கு வந்தனர் என்பதையும் அவன் சொன்னான். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக் கேளிக்கை விடுதிகளில் இரவிரவாகப் பல மணி நேரம் வாசித்துத் தேறியவர்களாம். 1962-ஆம் ஆண்டு ஜனவரியில் டெக்கா என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பாடிக் காட்டினர். கம்பெனியார் அவர்களை ஏற்கவில்லை. அதற்கு முந்திய நவம்பரில் லிவர்ப்பூலில் ஒரு நிலவறைக் கொட்டகையில் அவர்கள் பாடக் கேட்டிருந்த பிரையன் எப்ஸ்டைன் என்ற இசைத்தட்டு வியாபாரி மனந்தளராமற் படியேறி இறங்கியதால், வேறொரு கம்பெனியின் கதவு திறந்தது. கேட்டறிந்தவர் ஒருவர் அங்கும் வேண்டியிருந்தது என்பதைக் கண்டு எனக்கு ஒரு திருப்தி.

நம் பாலசுப்பிரமணியத்துக்கு வருவோம். அவருக்கும் உரியவரின் நாற்காலியே கிடைத்தது. முசிரியார் மீண்டு வந்து தம் புகழோடு பல்லாண்டு பாடினார். 1939-இல் சங்கீத கலாநிதியும் ஆனார். ஆனால் சென்னையில் அப்பொழுது புதிய நாற்காலிகள் போடப்பட்டுக்கொண்டிருந்தன. 1927 டிசம்பரில் சென்னையிற் கூடிய காங்கிரசு மகாசபையை ஒட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. அதன் பயனாக 1928 ஆகஸ்டில், அந்தக் கபாலீசுவரர் கோயிற் கச்சேரி நடந்த அதே ஆண்டில், மியூசிக் அகாடமி தொடங்கப்பெற்றது. 1931-இல் தமிழ் பேசும் படம் வந்தது. ஒலிபெருக்கி கச்சேரி மேடைக்கு ஏறியது. 1938 ஜூன் 16-இல் சென்னை வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. நூறு பேருக்குப் பாடிய தலைமுறை போய், கண்ணுக்குத் தெரியாத பல்லாயிரம் பேருக்குப் பாடும் தலைமுறை வந்தது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கு எட்டுமாறு பாடுவதற்குத் தொண்டையின் பெரும்பகுதி வலிமை செலவாகும். அந்தக் கருவி வந்த பின்னர் மின்னல்போன்ற பிருகாக்களை வருந்தாமல் உதிர்க்கும் குரலுக்கு ஏற்றம் மிகுந்தது. ஜி. என். பி.யின் குரல் அத்தகைய குரல். பத்து ஆண்டுகள் முன்னாற் பிறந்திருந்தால் இவ்வளவு பயன் கிடைத்திராது. இதனையும் அதிர்ஷ்டத்தின் பக்கமே எழுதுவேன்.

ஆனால் முதற் கச்சேரி வெற்றி பெற்றுவிட்டதென்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் டைகர் வரதாச்சாரியார் பொறுப்பில் இசைப் படிப்பு தொடங்கியபோது, மேடையேறிவிட்ட அந்த இளைஞர் மீண்டும் மாணவராகச் சேர்ந்தார். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் நாகசுர இராக விரிவைக் கூர்ந்து கேட்டு, அதன் ஓட்டத்தையும் வீச்சையும் வாய்ப்பாட்டில் கொண்டுவர முனைந்தார். வாத்தியத்தில் விரலாலும் மூச்சாலும் செய்வதைத் தொண்டையாற் செய்வதென்றால் எத்தனை நாள் சாதகம் வேண்டுமென்பது பாடிப் பார்த்தவர்க்குத் தெரியும். மூன்று ஸ்தாயியிலும் தடையின்றிச் சென்று திரும்பும் பாட்டு அவருக்கு இவ்வாறு அமைந்தது. ஜி. என். பி. பாணி என்று ஒரு பாணியே பிறந்தது. முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இளைஞர் பலர் அதனைப் பின்பற்றலாயினர். வேகம் மிகுதி என்று குறை சொன்ன பெரியவர்களும் உண்டு. அவர்கள் சொன்னதிலும் சிறிது பொருள் இருக்கிறதென்று அவருடைய பழைய இசைத்தட்டுகளைக் கேட்கையில் எனக்குப் படுவதுண்டு. ஆனால் தட்டு முடிந்ததும் மறுபடி ஊசியை முதலில் வைக்கத்தான் கை போகிறது.

தோற்றப் பொலிவும் அவருக்கு இருந்தது. 1934-இல் பாமா விஜயம் படத்தில் நடித்தார். 1940-இல் எல்லிஸ் டங்கன் இயக்கிய சகுந்தலை படத்தில் எம். எஸ். சுப்புலட்சுமி சகுந்தலையாக, இவர் துஷ்யந்தனாக வந்தார். என் பாட்டனார் பின்னாளில் லாலாகுடாத் தொழிற்கூடத்தில் வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்தவர். இளமையில் திருச்சியில் அப்படத்தைத் தொடர்ந்து மூன்று நாள் பார்த்ததாக, பாட்டியார் அருகில் இல்லாத வேளைகளிற் சொல்வார். திரைப்பட வாழ்வு ஜி. என். பி.யை மேடையிலிருந்து பிரிக்கவில்லை. சில படங்களோடு அது நின்றது, கச்சேரி நிற்கவில்லை.

அவருடைய காலத்தவரான செம்மங்குடி சீனிவாச ஐயரை அருகில் வைத்துப் பார்த்தால் நம் கேள்வி இன்னும் சிக்கலாகிறது. செம்மங்குடியார் இவரினும் இரண்டு ஆண்டு மூத்தவர், 1908-இற் பிறந்தவர். இவருக்கு இயற்கை தந்த குரல் அவருக்குத் தரவில்லை. இளமையில் அவர் தொண்டை கரகரத்துக் கிடந்தது. பாட்டை விட்டு வாத்தியம் எடுத்துக்கொள்ளலாமென்று கருதியோரும் இருந்தனர். விடாமற் சாதகம் செய்து அந்தத் தொண்டையையே வசப்படுத்தி, 1927-ஆம் ஆண்டு மாநாட்டு மேடையில் பாடிப் பெயர் பெற்றார். 1947-இல் சங்கீத கலாநிதி. ஜி. என். பி.க்கு அப்பட்டம் 1958-இல்தான் கிடைத்தது. குரலில் அதிர்ஷ்டம் செய்தவர் ஒருவர். ஆயுளில் அதிர்ஷ்டம் செய்தவர் மற்றொருவர். செம்மங்குடியார் 2003 வரை, 95 ஆண்டுகள் வாழ்ந்தார்.

ஜி. என். பி.யின் பிற்கால வாழ்வைச் சுருங்கச் சொல்லலாம். தெலுங்கிலும் வடமொழியிலும் தமிழிலுமாக இருநூறுக்கு மேற்பட்ட உருப்படிகளை இயற்றினார். சிவசக்தி போன்ற புதிய இராகங்களையும் படைத்தார். சென்னை வானொலியிற் பொறுப்பேற்றுப் பணி செய்தார். உடல் நலம் குன்றியது. இளமையில் இருந்த குரலின் மெருகும் சிறிது சிறிதாகக் குறைந்தது. இவையெல்லாவற்றினும் பெரிதாக எனக்குத் தோன்றுவது அவர் மாணவர்களை ஆக்கிய வகை. லலிதாங்கி அம்மையாரின் மகள் வசந்தகுமாரி சென்னையில் பள்ளிக்கூடத்திற் படித்துக்கொண்டிருந்த சிறுமி. அவளைப் பாடக் கேட்ட ஜி. என். பி., பெற்றோரிடம் எடுத்துச் சொல்லி அவளைத் தம் மாணவியாக ஏற்றுக்கொண்டார். குருகுலவாசம் வாய்க்காமலே வளர்ந்தவர், தம்மிடம் வந்தவர்களுக்குத் தம் கையிலிருந்ததைக் கணக்குப் பாராமற் கொடுத்தார். இராதா, ஜெயலட்சுமி சகோதரியர், தஞ்சாவூர் கலியாணராமன், திருச்சூர் இராமச்சந்திரன் ஆகியோர் அவ்வழி வந்தவர்கள். தம் பாட்டை அப்படியே நகலெடுக்க வேண்டுமென்று அவர் எதிர்பார்க்கவில்லை என்பது அவர்கள் ஒவ்வொருவரும் வெவ்வேறு விதமாகப் பாடியதிலிருந்து விளங்கும்.

1964-ஆம் ஆண்டில் திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதல்வர் பதவி அவரைத் தேடி வந்தது. நெடுங்காலம் செம்மங்குடியார் வகித்த பதவி அது. அந்த நாற்காலியில் ஜி. என். பி. ஓராண்டளவே இருந்தார். 1965 மே முதல் நாள் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 55.

அவர் கபாலீசுவரர் கோயிலில் முதன்முதலாகப் பாடிய 1928-ஆம் ஆண்டிலேதான் எம். எல். வசந்தகுமாரி பிறந்தார். 1977-இல் அவரும் சங்கீத கலாநிதியானார். நம் ஊர்ச் சிறுமிக்கு இப்போது பாட்டியாரிடம் பாடம் முடிந்துவிட்டது. வாரந்தோறும் சனிக்கிழமை பேருந்தேறிச் செகந்திராபாத்துக்குச் சென்று வேறோர் ஆசிரியையிடம் கற்று வருகிறாள். இவ்வாண்டு விழாவில் மாலை ஆறு மணிக்கு அவள் கச்சேரி. அழைப்பிதழில் அவள் பெயரே முதலில் அச்சாகியிருக்கிறது.